அனுப்புகிற பக்கம்

மீனாட்சிசுந்தரத்துக்குத் தன் மனைவி தேவிப்ரியாவின் மேல் பொறாமை. அதை அவன் அந்தப் பெயரில் ஒப்புக்கொள்ளவில்லை. கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி யார்டில் அவளோடு வேலை பார்க்கும் அஸ்வத் என்கிற கோயமுத்தூர்க்காரன் அவளுக்கு அடிக்கடி போன் செய்கிறான், தனக்கு அதுதான் பிடிக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு ஆண்பிள்ளைக்கு அது கொஞ்சம் கௌரவமான காரணம். பொண்டாட்டி தன்னைவிடக் கெட்டிக்காரியாக இருப்பதால் வயிறு எரிகிறது என்று எவன் வாய்விட்டுச் சொல்வான்?

இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். அவன் பாளையங்கோட்டை, அவள் அம்பாசமுத்திரம். சென்னையில் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். அவள் கல்லூரி முடித்து அங்கே வந்து சேர்ந்தபோது அவன்தான் குழுவுக்குத் தலைவன். கியூ என்றால் என்ன என்று முதல் நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லாது. நடுவில் ஒரு வரிசையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். மற்றது தன் வசதிக்கு எடுத்துக்கொள்ளும். அந்த வரிசைதான் கியூ. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சேதி போகும் பாதைக்குச் சேனல் என்று பெயர். இதை அன்றைக்கு அவன் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினான். அந்தக் காகிதத்தை அவள் பத்திரமாக வைத்திருந்ததில்தான் கல்யாணமே ஆனது என்று அவனுடைய நண்பர்கள் கேலி செய்வார்கள்.

கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவனுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. மது பிறந்தாள். தேவி ஏழு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வது சுந்தரத்தின் வழக்கம். லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற அந்த இரண்டாம் மாடி வீட்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தேவி மறுபடி வேலைக்கு மனு போட்டாள். சாந்த்ராகாச்சி ரயில் யார்டை ஒட்டி, கப்பலில் வந்த பெட்டிகளை அடுக்கிவைத்து லாரியில் ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. அது நிரந்தரமாக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. கோயிலுக்குப் போனாலும் அதைத்தான் வேண்டினாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிடர்பூர் ஏஜென்சிதான் அந்த யார்டுக்குச் சேதி அனுப்பும். எந்தப் பெட்டி, யாருடையது, எந்த லாரியில் ஏற்றவேண்டும் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சேதி. அனுப்புகிற பக்கம் புருஷன், வாங்குகிற பக்கம் பொண்டாட்டி. முதல் நாலு மாதம் இரண்டு பேருக்கும் அதில் குஷிதான். சாயங்காலம் பஸ் இறங்கி வந்து, உங்கள் சேதி ஆயிரத்து இருநூறு இன்றைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று அவள் சொல்வாள். வந்ததற்கு ரசீது எங்கே என்று அவன் கேட்பான்.

ஆனி மாதம் மழை ஆரம்பித்த சமயத்தில் வம்பு முளைத்தது. யார்டு கேட்டில் நிற்கிறவர்களுக்கும் லாரிக்காரர்களில் பாதிப்பேருக்கும் வங்காளம்தான் சரளமாகப் படிக்க வரும். அதனால் பெட்டிக்காரரின் பெயரை வங்காள எழுத்திலும் அனுப்புவது என்று ஏஜென்சியில் முடிவு செய்தார்கள். கிடர்பூர் திரையில் பெயர் அழகாகத் தெரிந்தது. சாந்த்ராகாச்சி திரையில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நின்றது. ஒரே நாளில் ஏழெட்டுப் பேருக்குப் பெட்டி வந்தால் எது யாருடையது என்று கேட்காரருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு விசாரித்தார். லாரிகள் சேற்றில் வரிசை கட்டி நின்றன.

யார்டின் புரோகிராம் சரியில்லை என்று சுந்தரம் தீர்ப்பு எழுதினான். ஒரு மாதம் அதையே விதவிதமாக எழுதி அனுப்பினான். அந்தக் கடிதங்கள் எல்லாம் தேவியின் மேஜைக்குத்தான் வந்தன. அவள் பதில் சண்டை போடவில்லை. சேதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது எண்தான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு. கிடர்பூரில் இருந்த பழைய பெரிய மெஷினுக்கு ஒரு பட்டியல், மற்ற உலகத்துக்கு வேறு. ஒவ்வொரு சேதியின் தலையிலும், நான் இன்ன பட்டியலில் எழுதப்பட்டவன் என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பார்த்து, வாங்குகிறவர் தம் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முறை.

ஒரு புதன்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டே தேவி பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, எழுத்து கண்டமேனிக்குக் கொழம்பி வந்திருந்தா எங்க பக்கந்தான் தப்புன்னு நானே சொல்லிருப்பேன். கொழம்புனத நேராக்கிரலாம். இது கேள்விக்குறியால்லா வருது. வார வழியிலயே எழுத்தக் கீழ போட்டுட்டு வருது. உள்ள பிரிச்சுப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல.”

“அப்பம் எங்க பக்கம் தப்புன்னு சொல்லுதியா?”

“தப்புன்னு யாரு சொன்னா? ஒங்க சேனல்ல கன்வெர்ட் ஆன்ல கெடக்கான்னு மட்டும் பாருங்க. அனுப்பும்போதே எங்க பழைய புரோகிராமோட பட்டியலுக்கு மாத்தி அனுப்புதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பட்டியல்ல வங்காள எழுத்தே கெடையாது. இல்லாத எழுத்துக்குக் கேள்விக்குறியப் போட்டுரும்.”

சட்னியில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டு அவன் எழுந்தான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகச் சேனலைத் திறந்து பார்த்தான். கன்வெர்ட் ஆனில் கிடந்தது. யார் போட்டது, எப்போது போட்டது என்ற குறிப்பில் அவன் பெயரே இருந்தது. கல்கத்தாவுக்கு வந்த முதல் மாதம், யார்டில் இருந்த பழைய புரோகிராமுக்கு மாற்றிப் படிக்கத் தெரியாது என்பதற்காக அவனே போட்டது. அன்றைக்கு அது நியாயம். அப்புறம் மறந்துவிட்டான். மனுஷன் மறப்பது பெரிய குற்றமில்லை, யாருக்கும் நடக்கும். ஆனால் கண்டுபிடித்தவள் அவள். அதுவும் தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டு, அவன் சேனலைக் கண்ணால்கூடப் பாராமல். வயிற்றில் காந்தல் எடுத்தது. காலையில் தின்ற தோசை என்று நினைத்துக்கொண்டான்.

மறுவாரத் தொடக்கத்தில் இரண்டு கம்பெனிக்கும் சேர்த்துத் திரையில் கூட்டம் நடந்தது. யார்டில் தேவியின் மேலதிகாரி ஷர்மிஷ்டாதி அவளையே விளக்கச் சொன்னாள். அந்த ஊரில் அக்காவுக்குத் தி, அண்ணனுக்குத் தா என்று பெயரோடு ஒட்டிவிடுவார்கள். தேவி ஐந்து நிமிஷம் பேசினாள். யார் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தேவைக்குச் சரியாகச் செய்தது, இப்போது தேவை மாறிவிட்டது என்றாள். சுந்தரத்தின் மேலதிகாரி ஹால்தார் பாபு வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். டாக்டரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதமாக எங்களைக் காய்ச்சலில் படுக்கப்போட்டாயே சுந்தர்தா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுந்தரமும் சிரித்தான். அவன் முகம் திரையில் ஒரு மூலையில் தெரிந்தது. அந்தச் சிரிப்பு அவனுக்கே சகிக்கவில்லை.

வேலை குறைவான ஞாயிற்றுக்கிழமை காலை மாற்றிவிடுவது என்று தீர்மானமானது. முதலில் யார்டு பக்கம், சேதியை எடுக்கும்போதே மாற்றிப் படிக்கும்படி புரோகிராமைத் தேவி திருத்த வேண்டும். அது சரியாக நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் கிடர்பூரில் சுந்தரம் கன்வெர்ட்டை அணைக்க வேண்டும். முன்பின் மாறினால் குட்டிச்சுவர். இந்த வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே எவருக்கும் தெரிந்த சங்கதி. இது நல்லபடியாக முடிந்தால் திங்கட்கிழமை தேவியை நிரந்தரம் செய்ய எழுதிவிடுவதாக ஷர்மிஷ்டாதி எல்லார் முன்னாலும் சொன்னாள்.

அந்த வாரம் அவன் வீட்டில் இருந்த லட்சணத்தைச் சொல்லவேண்டும். தேவி சொதி வைத்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது என்பான். பட்டோல் என்ற காயை வாங்கி வந்து, அவன் பிரியமாகத் தின்கிற புளிக்குழம்பு வைத்தாள். இந்த ஊர்க் காயை நம் குழம்பில் போட்டால் இரண்டுக்கும் இல்லாமல் போகிறது என்றான். போன வாரம்வரை அதற்கு இரண்டு கரண்டி சாதம் கூடுதலாகக் கேட்டவன். அஸ்வத் போன் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். காக்கிமா என்று தான் கூப்பிடும் எதிர்வீட்டு அம்மாளிடம் மது, தன் அம்மா கணினியில் வங்காள எழுத்தைச் சரிப்படுத்தியவள் என்று வங்காளத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். தமிழில் பேசடி என்று அவளை ஒரு அதட்டுப் போட்டான். குழந்தை விழித்தது. அப்பா எந்தப் பாஷையில் பேசினாலும் கோபப்படாதவர் என்றுதான் அதற்குத் தெரியும்.

ஒருநாள் தேவி குளிக்கப் போனபோது அவளுடைய நோட்டைத் திறந்து பார்த்தான். அஸ்வத்தின் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்ததாகத் தன்னிடம் சொல்லிக்கொண்டான். இருந்தது வேலை மட்டும். ஒவ்வொரு சோதனையும் தேதி போட்டு, என்ன எதிர்பார்த்தாள், என்ன வந்தது, ஏன் என்று குண்டு குண்டான எழுத்தில். தப்பாகப் போன சோதனைகளைக்கூட அவள் அடிக்கவில்லை, பக்கத்தில் காரணம் எழுதியிருந்தாள். அவனுக்கு இப்படி எழுதும் பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. நோட்டை மூடி வைத்தான். அதில் அஸ்வத்தின் பெயர் நாலு இடத்தில் இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தேவி நனைந்துகொண்டு, ஆனால் உற்சாகமாக வந்தாள். சோதனை எல்லாம் முடிந்துவிட்டது, பெயர்கள் சுத்தமாக வருகின்றன என்றாள். சோதனைக்கென்று தனி மெஷின் உண்டு, அதில் ஓடினால் யார்டில் ஓடுவதாக அர்த்தமில்லை. இது சுந்தரத்துக்குத் தெரியாததா? ஆனாலும் அவள் தன் பக்கத்தை முடித்தேவிட்டாள் என்று வைத்துக்கொள்ள அவனுக்கு அப்போது வசதியாக இருந்தது. கேட்டால் ஒரு நிமிஷம். கேட்கவில்லை. அவள் பக்கம் முடிந்திருந்தால் மிச்சம் இருப்பது தன் பக்கம்தான். நாளைக்கே அதைச் செய்துவிட்டால், இரண்டு நாள் முந்தியே சுந்தர்தா சரிசெய்துவிட்டார் என்று திங்கட்கிழமை பேச்சு ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே மதுவுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பினான். சீக்கிரமே என்ன வேலை என்று தேவி கேட்டதற்கு, மழைக்கு முன்னால் போய்விடலாம் என்றான். மழை ஏற்கெனவே கொட்டிக்கொண்டுதான் இருந்தது. கிடர்பூரில் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் மிதந்த தார்ப்பாய்த் துண்டுகளையும் வாழைத்தோலையும் விலக்கிக்கொண்டு நடந்தான். கைவண்டிக்காரர்கள் டீக்கடைக் கூரையின் கீழ் ஒண்டியிருந்தார்கள். ஆபீசில் காவலாளியைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. ஏழு பன்னிரண்டுக்குக் கன்வெர்ட்டை அணைத்தான். சேனலை நிறுத்தி, மறுபடி எடுத்தான். சேதிகள் ஒன்றுவிடாமல் போயின. இந்தப் பக்கம் வரிசையில் தேங்கி நிற்பது எதுவுமில்லை. திரையில் எல்லாம் பச்சை.

அனுப்புகிற பக்கத்துக்கு இதுதான் குறை. எடுத்துக்கொண்டார்களா என்பதுவரைதான் அதற்குத் தெரியும். படிக்க முடிந்ததா என்று தெரியாது. சுந்தரம் கீழே இறங்கிப் போய் நாலு கொச்சூரியும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்றான். பல நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அவனுக்குச் சாப்பாடு ருசித்தது.

சாந்த்ராகாச்சியில் ஏழு இருபதுக்குத் திரை செத்துவிட்டது. வங்காளப் பெயர் மட்டுமில்லை, பெட்டி எண், லாரி எண் எதையும் புரோகிராமால் படிக்க முடியவில்லை. எல்லாம் அந்தப் பழைய பெரிய மெஷினின் பட்டியலில் அப்படியே வந்து விழுந்துகொண்டிருந்தன. படிக்க முடியாத சேதிகளை அது ஓரமாக ஒரு வரிசையில் தள்ளிக்கொண்டே போனது. பத்து மணிக்குள் அறுபது லாரி. கேட்டிலிருந்து மெயின் ரோடுவரை நின்றது. டிரைவர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துக் கிச்சடி கிண்டினார்கள், அது வெந்து, தின்று, பாத்திரமும் கழுவியாகிவிட்டது, வரிசை நகரவில்லை. ஒரு டிரைவர் பொறுமை இழந்து கேட் அறையின் கண்ணாடியை உடைத்தார். கேட்காரருக்குக் கையில் காயம், மூன்று தையல். மழையில் பஸ் தாமதமாகி அப்போதுதான் வந்து சேர்ந்த தேவியிடம் ஷர்மிஷ்டாதி நேரே வந்து, ஞாயிற்றுக்கிழமை வேலையை யாரைக் கேட்டு இன்றைக்குச் செய்தாய் என்று எல்லாரும் பார்க்கக் கேட்டாள். தான் எதையும் தொடவில்லை என்று தேவி சொன்னாள். நம்பின மாதிரி யார் முகமும் இல்லை.

சேதியின் தலையில் இருந்த குறிப்பைத் தேவி பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. கிடர்பூரில் அந்தச் சேனலைத் தொட அதிகாரம் உள்ளவன் ஒரே ஆள்தான். மழைச் சத்தத்தில் காது கேட்காமல், படிக்கட்டுக்கடியில் போய் நின்றுகொண்டு போன் செய்தாள்.

“என்னங்க, நீங்க எதும் மாத்துனியளா?”

இந்த இடத்தில் அவன் ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தான். பின்னால் யாரோ தமிழில், அக்கா, மேடம் கூப்பிடறாங்க என்றது கேட்டது. அஸ்வத்.

“நான் எதுக்கு மாத்துதேன்? ஞாயித்துக்கெழமன்னுதான பேச்சு.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சரி. கன்வெர்ட்ட ஒரு தடவ பாருங்க. ஆஃப்ல கெடந்தா ஆன் பண்ணிட்டு சேனல நிறுத்தி எடுங்க.”

எப்படி ஆஃபில் கிடக்கும் என்று அவள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆன் செய்தான். மூன்றாவது நிமிஷம் யார்டில் திரை உயிர் பெற்றது. ஓரமாகத் தள்ளப்பட்டிருந்த நானூற்றுச் சொச்சம் சேதிகளை மீட்க தேவி அங்கேயே உட்கார்ந்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். எழுத்து அழியவில்லை, வேறு பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் மாற்றி, சரிபார்த்து, கேட்டுக்கு அனுப்பினாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசி லாரி நகர்ந்தது. அன்றைக்கு அவள் செய்த வேலையைச் செய்ய அந்த யார்டில் இன்னொரு ஆள் கிடையாது என்று அஸ்வத் பின்னால் பலரிடம் சொன்னான்.

அன்று சாயங்காலம் அவள் வருவதற்குள் சுந்தரம் ரசம் வைத்து, பருப்புத் துவையல் அரைத்து, அப்பளமும் பொரித்து வைத்திருந்தான். குற்றம் செய்த ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போவது ஒன்றும் புதிதில்லை. அவள் குளித்துவிட்டு வந்து சாப்பிட்டாள். ரசம் நன்றாக இருக்கிறது என்றாள். கேட்காரரின் கைத் தையலைப் பற்றிச் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, அன்றைய வேலையைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேவி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் குடிக்க வந்தான். நாளைக்குக் காலையில் வெள்ளிக்கிழமை நடந்ததற்கு ரிப்போர்ட் கொடுக்கவேண்டும் என்றாள்.

“அதுக்கு முன்னால ஒங்களுக்கு எங்கிட்ட எதும் சொல்லணுமா?”

“எனக்கு என்ன சொல்லணும்?” என்றான்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ரிப்போர்ட் இரண்டு கம்பெனிக்கும் வந்தது. சுந்தரம் அதைத் திறந்தான். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினான். இல்லை. ‘அனுப்பும் பக்கத்தில் எவரும் எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. அமைப்பு தானாக மாறியதன் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படி ஒன்று நடக்கலாம் என்று எதிர்பார்த்து வாங்கும் பக்கத்தை முன்கூட்டியே தயாராக வைக்காதது என் கவனக்குறைவு’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பிழைத்தோம் என்று அவன் மூச்சு விட்டிருக்கவேண்டும். விட்டான், ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சில் பழையபடி காந்தியது. இதிலும் இவளே முந்திக்கொண்டாள். வேலையில் கெட்டிக்காரி என்றால் போகட்டும், நல்லவளாக இருப்பதிலும் தன்னைவிட ஒரு படி மேலே போய் நின்றுகொண்டாள். இனி ஆயுசு முழுக்க ரசம் வைத்துக் கொடுத்தாலும் இந்தக் கடன் தீராது. அவள் மட்டும் பெரிய மனுஷியாக இருந்துவிட்டுப் போவதா? தனக்கு மட்டும் அந்தக் குணம் இல்லையா?

நேரே ஹால்தார் பாபுவின் அறைக்குப் போனான். ஏழு பன்னிரண்டு, தன் பெயர், செய்தது இன்னது என்ற பதிவை அச்செடுத்து மேஜையில் வைத்தான். மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளிக்கிழமை போனில் வராத பேச்சு இப்போது தண்ணீர் மாதிரி வந்தது. மனைவி தன்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னான். சொல்லும்போது கண் கலங்கியது, நிஜமாகவே. ஹால்தார் பாபு எழுந்து வந்து தோளில் தட்டினார். தப்பை ஒத்துக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும் என்றார். மண் குவளையில் டீ வரவழைத்துக் கொடுத்தார். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு, முறைப்படி அந்தப் பதிவை யார்டுக்கு அனுப்பி வைத்தார். சுந்தரம் டீயைக் குடித்தான். மார்பு விரிந்து, வெளியே வெயில் அடிப்பதுபோல இருந்தது.

நாலு மணிக்கு அஸ்வத் போன் செய்தான். அவன் சுந்தரத்தை அழைப்பது அதுதான் முதல் தடவை. நடந்ததை மெதுவாகச் சொன்னான். ஷர்மிஷ்டாதி தேவியை உள்ளே கூப்பிட்டு, ரிப்போர்ட்டையும் கிடர்பூர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டாள். தேவி தெரியும் என்றாள். வெள்ளிக்கிழமை நீ செய்தது பெரிய வேலை, ஆனால் ஒருவர் கையில் தையல் விழுந்திருக்கும்போது தெரிந்ததைத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளிடம் நான் இந்த யார்டின் சாவியைக் கொடுக்க முடியாது என்று ஷர்மிஷ்டாதி சொல்லிவிட்டாள். நிரந்தரம் இல்லை. மாதக் கடைசியோடு தற்காலிக வேலையும் முடிகிறது.

“சார், அக்கா மேஜையச் சுத்தம் பண்ணிட்டுக் கெளம்பிட்டாங்க. எதக் கேட்டாலும் எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததுன்னு உங்களப் பத்தித்தானுங்க சொல்வாங்க. அதான், நீங்க கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போனா நல்லாருக்குமுங்க.”

சுந்தரம் வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி இருக்கும். மழை நின்றிருந்தது. மது எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். நாலு நாளாகக் காயாமல் கிடந்த துணிகளைத் தேவி பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றாமலே போய் நின்றான்.

“ஒனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னுதாம்ட்டி போயிச் சொன்னேன். உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன்.”

“நான் ஒங்ககிட்டல்லா கேட்டேன். ரெண்டு தடவ.”

அவள் ஒரு சட்டையை உதறினாள்.

“எங்கிட்ட ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒங்க பேரப் போட்டே எழுதிருப்பேன். அவியளும் ஒரு திட்டுத் திட்டிட்டு விட்டிருப்பாவ. ஒங்களுக்கு இன்னைக்கு விட்டாவள்ல, அது மாதிரி. நீங்க இல்லன்னு சொன்ன பொறவு, புருசன் பொய் சொல்லுதான்னு எப்பிடி எழுதுததுன்னு ரெண்டு நாளு ஒறங்கல நான். எங்கிட்டச் சொல்ல வராத சத்தியம் ஹால்தார் பாபுகிட்ட வந்துருக்கு.”

“தப்புத்தான் தேவி.”

“அஸ்வத்து மேலதான் ஒங்களுக்குக் கோவம்னு நெனச்சேன். அப்பிடி இருந்தாக்கூடப் பரவால்ல. நான் வீட்டோட இருந்தப்பம் எம்மேல எவ்வளவு பிரியமா இருந்திய. நெசமாத்தான் சொல்லுதேன், குத்தமாச் சொல்லல.”

வேறு இடத்தில் பார்க்கலாம், இந்த ஊரில் கம்பெனிக்கா பஞ்சம் என்று அவன் ஆறுதல் சொன்னான். அதைச் சொல்லும்போதுதான் அது அவனுக்கே தெரிந்தது. வருத்தம் இருந்தது, வெட்கம் இருந்தது, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒன்று இளகிக் கொடுத்து, ஒரு மாதமாக இல்லாத சுகத்தோடு மூச்சு இறங்கியது. அடுத்த மாதம் காலையில் அவள் பஸ்ஸுக்கு ஓடமாட்டாள். கூட்டத்தில் யாரும் டாக்டர் என்று சொல்லிச் சிரிக்கமாட்டார்கள். இந்த வீட்டில் கியூ தெரிந்தவன் மறுபடியும் அவன் ஒருத்தன்தான். அந்த நினைப்பை அவசரமாக உள்ளே தள்ளினான். அதற்குள் அது முகத்துக்கு வந்துவிட்டது. கொடியைப் பிடித்தபடி தேவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பம் நிம்மதியா இருக்கா ஒங்களுக்கு?”

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தான். அவளிடம் மூன்றாவது தடவையும் பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

“ஆமா” என்றான்.

தேவி அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, கூடையில் மிச்சம் இருந்த அவனுடைய வேட்டியை எடுத்து, இரண்டு நுனியும் சரியாக வரும்படி கொடியில் விரித்துப் போட்டாள்.